ஒரு மழை பார்த்த பிறகு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரோட்டு ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் ஓட்டுக் கட்டிடத்துக்கு அந்த வருஷம் சித்திரையில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்காகப் பழைய சாமான்கள் கிடந்த அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்து, ஜன்னலில் ஏ.சி. பெட்டி மாட்டினார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. உதவிக் கோட்டப் பொறியாளர் வைகுண்டராஜ்கூட ஷூவைக் கழற்றிவிட்டு, பெருவிரல் எட்டிப் பார்க்கும் சாக்ஸோடு பூனை மாதிரி நடந்து போனார்.

கம்ப்யூட்டருக்குள் இருந்த புரோகிராமுக்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்று பெயர். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த ஐயாதுரை என்ற இளைஞர் அதை உருவாக்கியிருந்தார். ஊர் ஊராகப் போய் அனுபவப்பட்ட பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசி, எந்தக் கோளாறுக்கு எந்த மராமத்து என்று அவர்கள் சொன்னதையெல்லாம் விதிகளாக மாற்றி உள்ளே ஏற்றியிருந்தார். ரோட்டில் வெடிப்பு உண்டா, எவ்வளவு அகலம், சக்கரத் தடம் பள்ளமாகியிருக்கிறதா என்று அது கேட்கும். பதிலைத் தட்டிக்கொண்டே வந்தால் கடைசியில், இதற்கு மேல்பூச்சு போதும், இதை அடியோடு பெயர்த்துப் போட வேண்டும் என்று பச்சை எழுத்தில் தீர்ப்பு வரும்.

ஆபீஸில் அதை எல்லோரும் மரியாதையாக 'எக்ஸ்பர்ட்' என்றார்கள். கரண்ட் போனால், அவிய தூங்கிட்டாக என்பார் பியூன்.

அந்த இயந்திரத்தை மனசார வரவேற்ற ஒரே ஆள் தவசிமுத்து. ராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள ரோடுகளுக்கெல்லாம் அவர்தான் உதவிப் பொறியாளர். நாற்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். எட்டு வருஷமாக ஒரே ஒரு இடத்துக்காக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். சேத்தூரைத் தாண்டி, தேவதானம் ரோட்டிலிருந்து மலையடிவாரத்துக் கிராமங்களுக்குப் பிரியும் கிளை ரோடு, வேப்பங்கண்மாய்க் கரைமேல் ஏறி ஒரு வளைவு வளைந்து இறங்கும். அந்த வளைவுதான் இடம். கண்மாய் பெருகும்போது கரைக்குள்ளே தண்ணீர் கசிந்து ரோட்டுக்கு அடிமண்ணை இளக்கிவிடும். கயிறு தளர்ந்த கட்டில் மாதிரி ரோடு நடுவில் தொய்யும். தண்ணீர் வற்றினால் மண் இறுகி ஒன்றும் தெரியாதவனைப் போலக் கிடக்கும். ஒவ்வொரு வருஷமும் தொய்வு கொஞ்சம் கூடியது.

அந்த வளைவில்தான் ராஜபாளையத்து நூற்பு மில்லின் வேன் தினமும் போய் வந்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போவார்கள். வேன் வளைவில் திரும்பும்போது கண்மாய்ப் பக்கம் சாய்வதை ஒருமுறை கரைக்குக் கீழே நின்று பார்த்தார் தவசிமுத்து. ஜன்னலில் தெரிந்த தலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பூ ஆடுவதுபோல ஆடித் திரும்பின. அன்றிலிருந்து மழை இருட்டும்போதெல்லாம் அந்தத் தலைகள் அவருக்குக் கண்ணில் வரும்.

எழுதிக் கேட்டதற்கெல்லாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பதே பதில். பணம் எப்போதும் சிபாரிசு உள்ள ரோட்டுக்குப் போனது. இந்த வருஷம் மேலிடம் ஒரு புது உத்தரவு போட்டிருந்தது. எந்த ரோட்டைப் பெயர்ப்பது என்பதை எக்ஸ்பர்ட் போடும் வரிசைப்படிதான் முடிவு செய்ய வேண்டும், மனிதர் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. தவசிமுத்து அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்கு மச்சான் கிடையாது, கட்சி கிடையாது. யாரோ ஒரு வெளியூர் வைத்தியர் வந்து, முகம் பார்க்காமல் நாடியை மட்டும் பிடித்துப் பார்க்கப்போகிறார் என்று அவருக்குத் தோன்றியது.

ஆவணி மாதம் ரோடுகளை அளக்க ஐயாதுரையே வந்தார். அவரைக் கரைக்கு அழைத்துப் போவதாக முந்திய வாரமே ரோட்டுப் பணியாளர்களின் மேஸ்திரி மொக்கைச்சாமியிடம் சொல்லி வைத்திருந்தார் தவசிமுத்து. மெட்ராஸிலிருந்து ஒரு சார் ரோட்டைப் பார்க்க வருகிறார், எல்லாரும் அங்கே இருங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்து ரோட்டு ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே இருந்து ஜீப் வருகிறது என்றால் ரோட்டைச் சிங்காரித்துவிடுவார்கள். கலெக்டர் வந்தாலும் மந்திரி வந்தாலும் அதுதான். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாசல் தெளிப்பதில்லையா, அதுபோல.

ஜீப் கரைமேல் ஏறியபோது தவசிமுத்துவுக்கு வழி தப்பிவிட்டதோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. வளைவு முழுக்கக் கறுகறுவென்று புதுத் தார் மின்னியது. தொய்வு இருந்த இடம் தெரியவில்லை. சரளை நிரப்பி, தார் ஊற்றி, மணல் தூவி, உருளை உருட்டி மட்டம் செய்திருந்தார்கள். ஓரக் கற்களுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மொக்கைச்சாமி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீரு?" என்றார் தவசிமுத்து.

"மூணு நாளா வேலைய்யா. வேற ரோட்டுக்கு வச்சிருந்த தாரையும் இங்கயே ஊத்திட்டோம்," என்றார் மொக்கைச்சாமி, குரலில் பெருமை தாங்காமல்.

வரிசையில் நின்ற வெள்ளத்தாய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மெட்ராஸ்காரக நாளைக்குப் போயி நம்ம ரோட்டப் பத்திக் கேவலமாப் பேசிறப்படாதுல்லய்யா," என்றாள். அவள் மகள் கருத்தம்மா மில் வேனில் போகிற பெண்களில் ஒருத்தி. அந்த வேன் இனிக் குலுங்காமல் போகும் என்ற சந்தோஷமும் அவள் முகத்தில் இருந்தது.

தவசிமுத்துவுக்குக் கோபம்கூட வரவில்லை. நோயாளியின் முகத்துக்குப் பவுடர் பூசி, பொட்டு வைத்து, வைத்தியர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். பூசியவர்களிடம் என்னவென்று சொல்வது? அவர் ஐயாதுரையைத் தனியே அழைத்து, போன வாரம் வரை இங்கே ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தொய்வு இருந்தது, அடிமண்ணில் வலு இல்லை, மேலே தெரிகிறது எல்லாம் வேஷம் என்று சொன்னார். ஐயாதுரை நல்லவர். காது கொடுத்துக் கேட்டார். ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்ததைத்தான் அவர் எழுத முடியும். கண்ணால் பார்க்காததை எழுதினால் இத்தனை நாள் உழைப்புக்கும் அர்த்தமில்லை என்றார்.

"கவலைப்படாதீங்க சார். சமீபத்துல மராமத்து நடந்துச்சான்னு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு ஆமான்னு போட்டுர்றேன். சிஸ்டம் புரிஞ்சுக்கும்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தவசிமுத்து பதினைந்து இருபது நாளை ஓட்டினார்.

புரட்டாசி நடுவில் வரிசை வந்தது. வைகுண்டராஜ் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். வாசலில் செருப்புகள் கோயில் வாசல் மாதிரி குவிந்தன. வத்திராயிருப்பு ரோட்டில் ஒரு துண்டைப் பெயர்த்துப் போட வேண்டும் என்று வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் ஒன்றுக்கு மேல்பூச்சு. வேப்பங்கண்மாய் வளைவு கடைசிக்கு வந்தது. அதற்கு எதிரே, இப்போது எதுவும் செய்ய வேண்டாம் என்று இருந்தது.

தவசிமுத்து ஐயாதுரையைப் பார்த்தார். ஐயாதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் இப்படி ஒரு முடிவுக்கு வந்தாய் என்று கேட்டால் அந்த இயந்திரம் காரணம் சொல்லும். அதற்கென்று ஒரு விசை இருந்தது. அதைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திரையின் மூலையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் விட்டுவிட்டு மின்னியது, தண்ணீருக்கு அக்கரையில் யாரோ விளக்கைக் கையால் மூடி மூடித் திறப்பதுபோல. பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. புதிதாக ஒட்டுப் போட்ட ரோட்டை உடனே பெயர்க்கக் கூடாது, ஒரு மழை பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். அடியில், இந்த விதியைச் சொன்ன நிபுணரின் பெயரும் ஊரும் இருந்தன.

தவசிமுத்து, உதவிப் பொறியாளர், ஸ்ரீவில்லிபுத்தூர்.

போன வருஷம் ஐயாதுரை அவரைத் தேடி வந்து, தேர்முட்டிப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரைப் போட்டுக் கேட்டபோது சொன்ன வார்த்தை அது. நேற்றுப் போட்ட ஒட்டை இன்றைக்குத் தோண்டி மறுபடியும் பில் போடுகிற காண்ட்ராக்டர்களை நினைத்துச் சொன்னது. சொல்லிவிட்டு, நல்லாச் சொன்னோம் என்று தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருந்தது.

"நான் சொன்னதுதான். ஆனா இந்த இடத்துக்குச் சொல்லலையே," என்றார்.

"விதியில இடம்னு ஒண்ணும் இல்லையே சார்," என்றார் ஐயாதுரை. கண்மாய்க்கரை, கசிவு இதையெல்லாம் அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகவும், அதற்கு அவருடைய பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் மெல்லிய குரலில் சொன்னார். அடுத்த பதிப்பு எப்போது என்று தவசிமுத்து கேட்டார். தை, மாசி ஆகும் என்றார்.

வைகுண்டராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "உம்ம பேச்ச ஆபீஸில ஒருத்தன் கேக்க மாட்டான்னு எட்டு வருஷமாப் புலம்புனீரு. இப்ப எக்ஸ்பர்ட்டே கேட்டிருக்காகல்ல, பொறவு என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். தவசிமுத்துவும் சிரித்து வைத்தார்.

மறுநாள் ஐயாதுரையிடம் கெஞ்சி, செத்த நேரம் அந்த இயந்திரத்தின் முன்னால் தனியாக உட்கார அனுமதி வாங்கினார். அது அவரை வணக்கம் சொல்லி வரவேற்றது. மராமத்து நடந்ததா என்று கேட்டதற்கு, இல்லை என்று தட்டினார். அப்படியானால் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டது. ஐயாதுரை அளந்ததைத் தட்டினார். ரோடு நன்றாக இருக்கிறது, எதுவும் செய்ய வேண்டாம் என்றது. மறுபடி ஆரம்பித்தார். வெடிப்பு இருக்கிறது என்று பொய் சொன்னார். கள ஆய்வோடு பொருந்தவில்லை, பதிலைச் சரிபார்க்கவும் என்று பணிவாகச் சொல்லி நின்றுவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் ஒரே வாசலில் கொண்டுவந்து விட்டது. ஒரு தடவைகூட அது குரலை உயர்த்தவில்லை. கடைசியாக, யாரைக் கலந்து பேசலாம் என்று கேட்கும் விசையைத் தட்டிப் பார்த்தார். அனுபவமுள்ள உள்ளூர்ப் பொறியாளரைக் கலந்து பேசவும் என்று வந்தது.

ஏ.சி. குளிரில் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. எழுந்து வெளியே வந்து, வெயிலில் காய்ந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டார்.

அடுத்து அவர் மில்லுக்குப் போனார். வேனைச் சுற்றுவழியில் தேவதானம் வழியாக விடச் சொன்னார். மேனேஜர் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். டீசல் செலவு கூடும், முதலாளி கேட்பார், ரோடு மோசம் என்று உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அப்புறம் பாருங்கள் என்றார். தவசிமுத்து வைகுண்டராஜிடம் போய் நின்றார். எக்ஸ்பர்ட் நல்ல ரோடு என்று சொன்னதை மோசம் என்று எழுதிக் கொடுத்து, நாளைக்கு யார் பதில் சொல்வது என்றார் வைகுண்டராஜ். அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தவசிமுத்துவுக்குத் தாங்கவில்லை. எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் நியாயம் இருந்தது.

கடைசியில் வெள்ளத்தாயைக் கூப்பிட்டு, மழை நாளில் மகளை வேனில் அனுப்பாதே என்றார். ஒரு நாள் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

"அது நாங்க போட்ட ரோடுய்யா. எம்புட்டு தார் குடிச்சிருக்கு தெரியுமா? அம்புட்டு லேசுல ஒண்ணும் ஆகாது."

அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். காலி தார் டிரம்களைக் கண்மாய்ப் பக்கம் வரிசையாக நிறுத்தினார். ஒரு சிவப்புத் துணியைக் கம்பில் கட்டினார். யாரோ ஆடு மேய்க்கிறவர்கள் டிரம்களைக் கீழே உருட்டி விளையாடினார்கள். துணி எங்கே போனதென்று தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலைக்கு மேல் மேகம் இறங்கிவந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் வேப்பங்கண்மாய் நிரம்பி மறுகால் போயிற்று. தவசிமுத்து தினமும் சைக்கிளில் போய் வளைவைப் பார்த்தார். தார் கறுப்பாக, மழையில் கழுவிவிட்டது போலப் பளபளத்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. காலால் மிதித்தால், அடியில் ஏதோ மெல்ல மூச்சு விடுவதுபோல அமுங்கி எழுந்தது. வருகிற வண்டிகளைக் கை காட்டி மறித்து ஓரமாகப் போகச் சொன்னார். மில் வேன் டிரைவர், என்ன சார் புது ரோட்டில் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். எத்தனை நாள் ஒரு மனிதன் ஒரு வளைவில் நின்றுகொண்டிருக்க முடியும்? நாலாவது நாள் வத்திராயிருப்பு ரோட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்று வைகுண்டராஜ் அவரை அங்கே அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்கால ஷிப்ட் முடிந்து திரும்பிய வேனின் ஒரு பக்கச் சக்கரங்களைக் கரை விழுங்கியது. ரோடு உடையவில்லை. தார்த் தோல் கிழியாமல் அப்படியே மடிந்து உள்ளே இறங்கியது. வேன் கண்மாய்க்குள் கவிழாமல் கரைச் சரிவில் ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. பெண்கள் ஜன்னல் வழியாக ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் சிராய்ப்பு, அழுகை, அவ்வளவோடு போயிற்று. ஒருத்தியைத் தவிர. கண்மாய்ப் பக்கத்து ஓர இருக்கையில் இருந்த கருத்தம்மாவின் வலது பாதம் நசுங்கிய தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

சேதி கேட்டுத் தவசிமுத்து ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பாதம் தப்பிவிடும், ஆனால் பழைய மாதிரி ஊன்ற முடியாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். மில்லில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்கிற வேலை. அந்தப் பெண் தூக்க மருந்தில் கிடந்தாள். மூக்குத்திக்கு மேல் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்தாய் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, வாங்கய்யா என்றாள். அவர் எதையோ சொல்ல வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்வதற்கும் முடியவில்லை, அந்த விதியைச் சொன்னதே நான்தான் என்று சொல்வதற்கும் முடியவில்லை. கொண்டுவந்த ரொட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் வைகுண்டராஜ் ஆள் அனுப்பினார். மத்தியானம் தலைமைப் பொறியாளரே கரையைப் பார்க்க வருகிறார், ஐயாதுரையும் அளவுகோலோடு கூட வருகிறார், புதிதாக அளந்து எக்ஸ்பர்ட்டிடம் மறுபடி கேட்கப்போகிறார்கள். தவசிமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி பார்த்துவிடுவார்கள். மடிந்து கிடக்கிற தாரையும் அடியில் கூழாகிக் கிடக்கிற மண்ணையும் பார்த்தால் போதும். ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

கரையேறும்போதே தார்ப் புகை மூக்கில் அடித்தது.

குழி பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. மொக்கைச்சாமியும் ஆட்களும் விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். ஒருத்தன் ஓரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். சரளைக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தவள் வெள்ளத்தாய்.

"ஒன்ன யாரு வரச்சொன்னா?" என்றார் தவசிமுத்து.

"பெரியவிய வருதாகளாமே. பிள்ள பக்கத்துல எங்க நாத்தனா இருக்கா." கூடையைக் கவிழ்த்தாள். "ரோடு இப்படிக் கெடந்தா நம்மளத்தானய்யா கேப்பாக."

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அவர்கள் நிறுத்திவிட்டு, புரியாமல் நின்றார்கள். அள்ளுங்கள், போட்டதை எல்லாம் வெளியே அள்ளுங்கள் என்றார். யாரும் அசையவில்லை. ஜீப் போவதற்கு வழி செய்து வை என்று வைகுண்டராஜ் ஐயா சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றார் மொக்கைச்சாமி, தயங்கித் தயங்கி. தவசிமுத்து ஒருத்தன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார். குழிக்குள் இறங்கி, வெள்ளை வேட்டியெல்லாம் தாராக, போட்ட சரளையை வெட்டி வெட்டி வெளியே எறிந்தார். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. மூச்சு வாங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது ஆட்கள் எல்லோரும் குழியைச் சுற்றி நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மொக்கைச்சாமி பக்கத்தில் இருந்தவனிடம் தணிந்த குரலில், "ஏலே, ஐயாவுக்கு நம்ம வேல பிடிக்கல. இன்னும் கெட்டியாப் போடணும்ங்காரு. பெரிய கல்லாக் கொண்டு வாங்கலே," என்றார்.

அவர்கள் ஓடினார்கள். அவர் வெட்டிய பக்கத்தை விட்டு மறுபக்கம் திரும்புவதற்குள் பெரிய பெரிய ஜல்லி வந்து விழுந்தது. ஒருத்தன் திமிசுக்கட்டையால் இடித்தான். இந்த முறை இன்னும் ஒழுங்காக, இன்னும் இறுக்கமாக. வெள்ளத்தாய் அவர் கையைப் பிடித்து, வழுக்கும்ய்யா, மேல வாங்க என்று மெல்ல வெளியே இழுத்து விட்டாள். அவர் கையிலிருந்த மண்வெட்டியையும் வாங்கிக்கொண்டாள்.

தார் ஊற்றினார்கள். மணல் தூவினார்கள். சேத்தூர்ப் பக்கத்திலிருந்து ஜீப் சத்தம் கேட்டது. மொக்கைச்சாமி தலைப்பாகையை அவிழ்த்தார். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் தவசிமுத்துவும் அந்த வரிசையின் கடைசியில், வெள்ளத்தாய்க்குப் பக்கத்தில், தார் படிந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.